வண்ணம் தீட்டியது யார்?

மாம்பழக் கூடை வீட்டுக்கு வந்ததும் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? மஞ்சளாக, வழவழப்பாக, ஒரு புள்ளிகூட இல்லாத பழமாகப் பார்த்து எடுப்பீர்கள். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழம் கூடையின் அடியிலேயே கிடக்கும். பாட்டி மட்டும் அதைத் தேடி எடுப்பார். நறுக்கி உங்கள் வாயில் ஒரு துண்டு வைப்பார். அப்புறம்தான் தெரியும், கூடையிலேயே அதிகம் தித்தித்தது அதுதான் என்று.

மரம் கடைபவர்களிலும் இந்தப் பாட்டியைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். "இது உளுத்தது, இது வெடித்தது, இதில் வண்டு விழுந்திருக்கிறது" என்று மரக்கடைக்காரர் ஒதுக்கிய கட்டையை அவர்கள் ஆசையாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதில் ஒரு கிண்ணம் கடைவார்கள்.

என் மேசைமேல் அப்படி ஒரு கிண்ணம் இருக்கிறது. அமெரிக்காவில் வளரும் மேப்பிள் மரத்தில் கடைந்தது. இரண்டு கைகளையும் குவித்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான் அளவு. வெளிர் நிற மரம். அதன்மேல் மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. வளைந்து, நெளிந்து, சேர்ந்து, பிரிந்து போகின்றன. தேசப்படத்தைப் பார்ப்பது போல இருக்கும். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "மாமா, இந்தக் கோட்டை யார் போட்டது?"

நல்ல கேள்வி! அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகாமல், யார் போட்டது என்று கேட்கத் தோன்றியதே, அதுதான் கெட்டிக்காரத்தனம். பதில் கொஞ்சம் நீளம். சம்மணம் போட்டு உட்காருங்கள்.

முதலில், கிண்ணம் எப்படிக் கடைகிறார்கள் என்று பார்த்துவிடுவோம். மோர் கடைவதைப் பார்த்திருக்கிறீர்களா? மத்தில் கயிற்றைச் சுற்றி, இரண்டு முனையையும் மாறி மாறி இழுப்பார்கள். மத்து இப்படியும் அப்படியும் சுழலும். பழைய நாளில் மரத்தையும் இப்படித்தான் சுழற்றினார்கள். ஒருவர் கயிற்றை இழுப்பார். கட்டை சுழலும். இன்னொருவர் உளியைப் பிடிப்பார். நம் மொழியில் மோருக்கும் மரத்துக்கும் ஒரே சொல்தான்: கடைதல். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

இப்போது கயிற்றின் வேலையை மின்மோட்டார் செய்கிறது. கடைசல் எந்திரம் என்றும் லேத் என்றும் சொல்வார்கள். சுழல்வது மரம். உளியைக் கடைபவர் கையில் பிடித்து மெல்ல நகர்த்துவார். பென்சில் சீவும்போது நீங்கள் பென்சிலைத்தானே திருகுகிறீர்கள்? பிளேடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. சீவல் சுருள் சுருளாக வருகிறது. லேத்திலும் அப்படித்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? 25 சென்டிமீட்டர் அகலமுள்ள கிண்ணம் நிமிடத்துக்கு 1,000 தடவை சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பு ஒரு சுற்றுக்குச் சுமார் 78 சென்டிமீட்டர் தூரம் போகிறது. ஒரு நிமிடத்துக்கு 780 மீட்டருக்கு மேல். ஒரு மணி நேரத்துக்கு? ஏறக்குறைய 47 கிலோமீட்டர்! இருந்த இடத்திலேயே நின்றுகொண்டு, நகரப் பேருந்தின் வேகத்தில் ஓடுகிறது அந்த விளிம்பு. அதில் ஓட்டையோ வெடிப்போ இருந்தால் துண்டு பிய்ந்து பறக்கலாம். அதனால்தான் கடைபவர் முகத்துக்குக் கவசம் போட்டுக்கொள்கிறார், குறையுள்ள கட்டை என்றால் வேகத்தையும் குறைத்துக்கொள்கிறார். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் லேத்தின் கிட்டேகூடப் போகக் கூடாது. சரிதானே?

நீங்கள் விளையாடும் மரச்செப்புச் சாமான்களும் கடைசலில் பிறந்தவைதான். அம்பாசமுத்திரத்துச் செப்புகளைப் பார்த்திருப்பீர்கள். குட்டிக் குடம், குட்டி அம்மி, குட்டி உரல். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உரசலில் சூடு பிறக்கும். சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அப்படி வந்தவை. அங்கே வண்ணம் தீட்டியவர் கைவினைஞர்.

என் கிண்ணத்தில் யாரும் அரக்குப் பூசவில்லை. உளி படுவதற்கு முன்பே, மரத்துக்குள்ளேயே கோடு இருந்தது.

போட்டது பூஞ்சை!

ஆமாம், மறந்துபோன ரொட்டித் துண்டின்மேல் பச்சையும் கறுப்புமாகப் படருமே, அதன் சொந்தக்காரர்கள். மேப்பிள் மரம் ஒன்று காற்றில் சாய்ந்து காட்டில் கிடக்கிறது. ஈரம் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. பூஞ்சையின் வித்துகள் காற்றில் பறந்துவந்து கட்டையில் விழுகின்றன. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகளாக உள்ளே நுழைகின்றன.

மரத்துக்குள் அவற்றுக்கு என்ன சாப்பாடு? செங்கல் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் செல்லுலோஸ் என்ற நார் இருக்கிறது, அது செங்கல். லிக்னின் என்ற பொருள் நார்களைப் பிடித்துக் கெட்டியாக்குகிறது, அது சிமெண்ட். சில பூஞ்சைகளுக்கு இந்த லிக்னினைத் தின்னத் தெரியும். பழுப்பு நிறம் பெரும்பாலும் லிக்னினோடு சேர்ந்தது. அது போகப் போக அந்த இடம் வெளுத்துவிடும். அதனால் இவற்றை வெண்மை அழுகல் பூஞ்சைகள் என்பார்கள்.

ஒரே கட்டைக்குள் பல பூஞ்சைகள் குடியேறும். ஒன்று இந்த முனையிலிருந்து வரும். இன்னொன்று அந்த முனையிலிருந்து வரும். நடுவில் சந்தித்தால்? சண்டைதான்! "இது என் இடம், உள்ளே வராதே" என்று எல்லை கட்டிக்கொள்ளும். இரண்டு வயலுக்கு நடுவே வரப்புப் போடுகிறோமே, அதைப் போல. அந்த வரப்பைப் பூஞ்சை பெரும்பாலும் மெலனின் என்ற கறுப்புப் பொருளால் கட்டுகிறது. உங்கள் தலைமுடி கறுப்பாக இருப்பதற்கும் ஒருவகை மெலனின்தான் காரணம். என் கிண்ணத்தின் கறுப்புக் கோடுகள், பூஞ்சைகள் போட்ட எல்லைக் கோடுகள். தேசப்படம் போல இருக்கிறது என்று சொன்னேனே, அது உண்மையிலேயே தேசப்படம்தான்.

இங்கே கொஞ்சம் நிற்போம். கோடு என்று சொன்னேன். ஆனால் கட்டைக்குள் இருப்பது கோடா? ஒரு வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். வளையம் வளையமாகத் தெரியும். நறுக்காத வெங்காயத்துக்குள் வளையங்களா இருக்கின்றன? இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக மூடிய உருண்டைத் தோல்கள் இருக்கின்றன. கத்தி பட்ட இடத்தில் தோலின் விளிம்பு வளையமாகத் தெரிகிறது. பூஞ்சையும் கட்டைக்குள் மெல்லிய சுவர்தான் கட்டியிருக்கிறது. உளி அந்தச் சுவரை வெட்டிக்கொண்டு போகும்போது அதன் விளிம்பு கோடாகத் தெரிகிறது. அதனால்தான் கடையக் கடையக் கோலம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு மில்லிமீட்டர் அதிகமாகக் கடைந்தால் வேறு படம்! புரிந்ததா? புரியாவிட்டால் அந்த வெங்காயத்தை இன்னொரு தடவை நறுக்குங்கள்.

மரக்கட்டையில் பூஞ்சை இப்படி வண்ணமும் கோடும் இடுவதை ஸ்பால்டிங் என்று கடைசல்காரர்கள் சொல்வார்கள். இதில் எல்லாமே நேரத்தைப் பொறுத்தது. சீக்கிரம் எடுத்தால் கோடு விழுந்திருக்காது. ரொம்ப நாள் விட்டுவிட்டால் பூஞ்சை எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும், கட்டை கையில் பஞ்சாக உதிரும். சரியான நேரத்தில் பள்ளிக்கூட மணி அடிப்பதுபோல "போதும், நிறுத்து" என்று சொல்ல வேண்டும். பூஞ்சைக்கு அந்த மணியை எப்படி அடிப்பது? ஈரத்தை எடுத்துவிடுவதுதான் மணி. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பூஞ்சையால் வளர முடியாது. என் கிண்ணம் நன்றாகக் காய்ந்துவிட்டது. அதில் சண்டை முடிந்துபோயிற்று. கோடு மட்டும் இருக்கிறது.

ஈரம் அதிகமானாலும் பூஞ்சைக்கு ஆகாது தெரியுமா? குளத்தில் முழுதாக மூழ்கிக் கிடக்கும் கட்டை பல காலம் உளுக்காமல் இருக்கும். பூஞ்சைக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டுமே!

சாதாரணமாக உளுத்த கட்டையை யாரும் தொடமாட்டார்கள். ஒரு பக்கம் கல்லாக இருக்கும், இன்னொரு பக்கம் ரொட்டியாக இருக்கும். மெத்தென்ற இடத்தில் உளி பட்டால் நார் பிய்ந்துவிடும். அமெரிக்காவில் மெல்வின் லிண்ட்குவிஸ்ட் என்பவரும் அவருடைய மகன் மார்க்கும் இந்தக் கட்டைகளை விடாமல் கடைந்து காட்டினார்கள். 1970களில் அவர்களுடைய கிண்ணங்களையும் ஜாடிகளையும் பார்த்த பிறகுதான் பலரும் விறகுக் குவியலைக் கிளறிப் பார்க்க ஆரம்பித்தார்கள். மெத்தென்ற இடத்தை இப்போது தண்ணீர் போன்ற பசையை ஊறவிட்டுக் கெட்டியாக்கிக் கொள்கிறார்கள். தூள் மூச்சில் போகாமல் மூக்கை மூடிக்கொள்கிறார்கள். அது மிகவும் முக்கியம்.

கறுப்பு மட்டும்தானா என்று கேட்பீர்கள். மயில்கழுத்துப் பச்சையும் உண்டு! குளோரோசிபோரியா என்ற பூஞ்சை, தான் வாழும் மரத்தையே நீலப்பச்சையாக்கிவிடும். இத்தாலி நாட்டுக் கைவினைஞர்கள் 15ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பச்சை மரத்தைச் சிறு சிறு துண்டாக வெட்டி, மரப்பலகையில் பதித்துப் படங்கள் செய்தார்கள். இலைக்கும் புல்லுக்கும் பச்சை வேண்டுமே! பின்னால் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் ஊர்ப் பக்கம் செய்த மரப்பெட்டிகளிலும் இந்தப் பச்சை ஓக் மரத்தைப் பதித்தார்கள். பல நூறு ஆண்டு ஆகியும் அந்தப் பச்சை இன்னும் தெரிகிறது. அவ்வளவு உறுதியான சாயம். அதனாலேயே அமெரிக்காவில் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், இந்தச் சாயத்தை மின்னணுக் கருவிகளில் பயன்படுத்த முடியுமா என்று சோதித்துப் பார்த்தார்கள்.

அடுத்த ஓவியர் ஒரு வண்டு. எள்ளளவுதான் இருக்கும். பெயர் அம்புரோசியா வண்டு. மேப்பிள் மரத்தைக் குண்டூசி நுழையும் அளவுக்குத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். மரத்தைத் தின்கிறது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன். இல்லை! தோண்டிய தூளை வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு என்னதான் செய்கிறது உள்ளே?

விவசாயம் செய்கிறது!

அந்த வண்டின் உடம்பில் ஒரு சின்னப் பை உண்டு. விதை நெல்லை மடியில் கட்டிக்கொண்டு போவதுபோல, அதில் பூஞ்சை வித்தைச் சுமந்து வருகிறது. சுரங்கத்தின் சுவரில் பூஞ்சையை வளர்க்கிறது. தானும் தின்று, குஞ்சுப் புழுக்களுக்கும் கொடுக்கிறது. மனிதர்கள் உழவு கற்றுக்கொள்வதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பூச்சிகள் பயிர்செய்யத் தொடங்கிவிட்டன. பூஞ்சையின் சாயம் சுரங்கத்திலிருந்து மரத்தின் நாரோட்டத்தில் மேலும் கீழும் கசியும். சாம்பல், பழுப்பு, சில இடங்களில் நீலச் சாயல். கடைந்த கிண்ணத்தில் அது தீபச்சுடர் போல நீண்டிருக்கும். சுடரின் நடுவே குண்டூசித் துளை ஒன்று தெரியும். அதுதான் வண்டு வீட்டின் வாசல்.

இன்னொரு வண்ணத்தை மரமே தனக்குத் தீட்டிக்கொள்கிறது. அமெரிக்காவில் பாக்ஸ் எல்டர் என்று ஒரு மரம். அதுவும் மேப்பிள் குடும்பம்தான். வெட்டிப் பார்த்தால் சில மரங்களில் மட்டும் செம்பருத்திச் சிவப்பில் தீற்றல்கள் இருக்கும். பூஞ்சைதான் காரணம் என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். பின்னர் ஆய்வாளர்கள் மரத்தில் துளை போட்டுப் பார்த்தார்கள். பூஞ்சை இல்லாவிட்டாலும், துளை போட்ட காயத்தைச் சுற்றிச் சிவப்பு வந்தது. காயம்பட்ட மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு அது.

உங்கள் முழங்காலில் சிராய்த்தால் என்ன ஆகிறது? பொருக்குத் தட்டி, உதிர்ந்து, புதுத் தோல் வந்துவிடுகிறது. மரத்தால் அப்படிச் செய்ய முடியாது. அலெக்ஸ் ஷிகோ என்ற அமெரிக்க விஞ்ஞானி, மரங்களைக் குறுக்கே வெட்டாமல் நீளவாக்கில் பிளந்து பார்த்தவர். மரத்தின் காயம் ஆறுவதே இல்லை, மரம் அதைச் சுற்றிச் சுவர் கட்டி அடைத்துவிட்டு வெளிப்பக்கம் புது மரத்தை வளர்த்துக்கொள்கிறது என்று அவர் காட்டினார். இருபது வருடத்துக்கு முன் பட்ட காயமும் உள்ளே அப்படியே பத்திரமாக இருக்கும். கடைபவரின் உளி அங்கே போய்ச் சேரும்போது சிவப்பு வெளியே வருகிறது.

மரத்தின் அடியில் முண்டு முண்டாகப் புடைத்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். அதற்குள் நார் நேராக ஓடாது, சுழித்துச் சுழித்து ஓடும். கிளையாக வளராமல் தூங்கிப்போன மொட்டுகள் மயிற்கண் போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். பலகை அறுக்க அது உதவாது. கிண்ணத்துக்கோ அதுதான் தங்கம்.

சரி, கட்டை கிடைத்துவிட்டது. உடனே கடைந்துவிடலாமா? பச்சை மரத்தில் நிறையத் தண்ணீர் இருக்கும். சில மரங்களில் மரத்தின் எடையைவிடத் தண்ணீரின் எடை அதிகம்! காயும்போது மரம் சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. ஆண்டு வளையத்தின் ஓட்டத்தில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் வட்டமாகக் கடைந்த கிண்ணம் காய்ந்ததும் முட்டை வடிவமாகிவிடும். அவசரப்பட்டால் வெடித்தும் போகும்.

இதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. கிண்ணத்தை இரண்டு தடவை கடைவார்கள். 30 சென்டிமீட்டர் அகலமானால் 3 சென்டிமீட்டர் கனம் இருக்கும்படி, பத்தில் ஒரு பங்காக, முதலில் முரட்டுத்தனமாகக் கடைந்து வைத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் நிழலில் காயவிடுவார்கள். அது கோணட்டும், நெளியட்டும். கனம் இருக்கிறதே! காய்ந்த பிறகு மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்கிக்கொள்வார்கள்.

ரொம்ப மெல்லிசாகக் கடைபவர்களும் இருக்கிறார்கள். ஹவாய்த் தீவில் ரான் கென்ட் என்பவர் நார்ஃபோக் பைன் மரத்தில் கிண்ணம் கடைந்தார். நம் ஊர்த் தோட்டங்களிலும் தட்டுத் தட்டாகக் கிளை விரித்து நிற்குமே, அதே மரம். எண்ணெயில் ஊறவைத்து, தேய்த்து, மறுபடி ஊறவைத்து மெருகேற்றுவார். வெயிலில் பட்டம் விட்டால் காகிதத்துக்குள் வெளிச்சம் புகுந்து மினுங்குமே, அதைப் போல அந்த மரக் கிண்ணத்துக்குள்ளும் வெளிச்சம் புகுந்து வரும். கிளை முளைத்த கணுக்கள் சுற்றிலும் நட்சத்திரமாகத் தெரியும்.

ஹவாய் என்றதும் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே பழங்காலத்திலிருந்தே மரக் கிண்ணங்கள் உண்டு. பெயர் உமெக்கே. சேப்பங்கிழங்கை அவித்து இடித்த கூழை அதில்தான் வைப்பார்கள். உணவுக்கு மரவாடை ஏறாமல் இருக்க அவர்கள் தேர்ந்தெடுத்த மரங்களில் ஒன்று மிலோ. மிலோ எது தெரியுமா? நம் பூவரசு! இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுகிறீர்களே, அதே பூவரசு.

உமெக்கேயில் வெடிப்பு விட்டால் தூக்கி எறியமாட்டார்கள். மீன்வால் வடிவத்தில் ஒரு மரத்துண்டு செதுக்கி, வெடிப்பின் குறுக்கே பதித்துப் பூட்டுவார்கள். அந்தத் துண்டுக்குப் பெவா என்று பெயர். ஒட்டுப்போட்ட கிண்ணத்தை ஒளித்து வைக்காமல், வீட்டின் மதிப்புள்ள பொருளாகக் காப்பாற்றி வந்தார்கள். ஒவ்வொரு பெவாவும், இந்தக் கிண்ணத்தை இந்த வீட்டார் எவ்வளவு நேசித்தார்கள் என்பதற்குச் சாட்சி.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. நம் ஊர் மாமரமும் புளியமரமும் இந்தப் பூஞ்சைக் கோட்டுக்குப் பேர்போனவை. அடுத்த மழைக்குப் பிறகு, வெட்டிப்போட்ட கிளையோ விறகுக் கட்டையோ கிடந்தால் அதன் வெட்டு முகத்தைக் குனிந்து பாருங்கள். கிட்டே மூக்கை வைத்து முகர வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும். மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் நோட்டில் வரைந்து எனக்கு அனுப்புங்கள். அந்த ஒரு கட்டையை மட்டும் அடுப்பில் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.